கேள்வி கேட்காத கருவி

என் அக்காவைப் போலக் குறை கண்டுபிடிப்பவள் உலகத்தில் இல்லை. மென்பொருளைச் சோதித்துக் குறை சொல்வதற்குத்தான் அவளுக்குச் சம்பளம். வீட்டில் எனக்கு அது இலவசம். ஆனால் அவள் சொன்னதிலேயே முக்கியமான குறையைக் காது கொடுத்துக் கேட்க ஆபீஸில் ஆளில்லை.

'இப்படி இப்படி வேண்டும்' என்று எழுதிக் கொடுத்தால் தானே புரோகிராம் எழுதித் தரும் கருவிகள் வந்துவிட்டன அல்லவா? அவற்றில் மூன்றை ஒப்பிட்டு மதிப்பெண் போடும் வேலை அக்காவிடம் வந்தது. பரீட்சைக்கு எடுத்தது, பஸ் டிப்போவில் டிரைவர்களுக்கு டியூட்டி போடும் வேலை. அக்கா வீட்டுக்காரர், என் மாமா, பஸ் ஓட்டுகிற அதே டிப்போ.

முதல் இரண்டும் டீ ஆறுவதற்குள் முடித்துவிட்டன. மூன்றாவது பாதியில் நின்று ஒரு கேள்வி கேட்டது: இரவு முழுக்க ஓட்டியவருக்குக் காலையிலேயே அடுத்த வண்டி கொடுக்கலாமா? டிப்போ கொடுத்த விவரத்தில் அது இல்லை. கையால் டியூட்டி போட்ட காலத்தில் எவனும் அப்படிப் போட்டதில்லை, அதனால் எவனும் எழுதவில்லை. அரிசியை வேகவைத்துத்தான் சாப்பிட வேண்டும் என்று யார் எழுதி வைப்பார்கள்?

அந்த விதியைச் சேர்த்து மூன்றுக்கும் மறுபடி கொடுக்கலாம் என்றாள் அக்கா. மேனேஜர் ஒப்புக்கொள்ளவில்லை.

"பரீட்சை நடுவுல கேள்வித்தாளை மாத்தலாமாம்மா? முடிச்ச ரெண்டுக்கும் அநியாயம் இல்லையா?"

இயந்திரத்துக்கு நியாயம் பார்த்த அந்த உத்தமர், 'யாரையும் கேட்காமல் முடித்ததா' என்ற கட்டத்தில் மூன்றாவதற்கு முட்டை போட்டார். அக்கா மல்லுக்கு நின்றாள். செவிடன் காதில் ஊதிய சங்குதான். முதல் கருவி ஜெயித்து, அது எழுதிய புரோகிராம் டிப்போவுக்கே போய்விட்டது. விதியைச் சேர்க்கச் சொல்லி அக்கா மேனேஜருக்கு எழுதியதற்கு, அடுத்த பதிப்பில் பார்க்கலாம் என்று பதில் வந்தது.

நேற்று மாமா ராத்திரி முழுக்க ஓட்டிவிட்டு விடியற்காலையில் வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் சரிந்தார். உடனே போன் சிணுங்கியது. காலை டியூட்டி, மலைப்பாதை வண்டி.

"போகாதீங்க. தூங்காம ஓட்ட முடியாதுன்னு சொல்லுங்க" என்றாள் அக்கா.

"யார்கிட்ட சொல்றது? முன்னாடி டியூட்டி போடறவரு மூஞ்சியைப் பாத்தே வீட்டுக்குப் போய்யான்னுடுவாரு. இப்ப அந்த நாற்காலியே காலி."

மாமா முகம் கழுவப் போனார். அக்கா அவர் ஷூவை அலமாரியில் வைத்துப் பூட்டினாள். சாவியைக் கையில் இறுக்கிக்கொண்டு மேனேஜருக்குப் போன் போட்டாள்.

"இன்னைக்கு அந்த வண்டியில உங்க பிள்ளைங்களை ஏத்தி அனுப்புவீங்களா சார்?"

அதற்குள் மாமா என் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டார்.