பிளக் என் கையில் இருந்தது

மாதா கோயில் கடிகாரத்தில் மணி நான்கு இருபது ஆனபோது, தகரத்தை ஆணியால் கீறுவது போன்ற ஓர் ஒலி எழுந்தது. அது அப்பாவின் கிதார்தான் என்று நம்ப எனக்குச் சற்று நேரம் பிடித்தது. அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுக் காரைக்காலுக்குத் திரும்பிய "சொல்தா"; வரும்போது அந்தக் கிதாரையும், கண்ணாடி வால்வுகள் தணல்போல எரியும் கனத்த ஆம்ப்ளிஃபயர் ஒன்றையும் கொண்டுவந்திருந்தார். வீட்டுக் கொல்லையில் கடற்காற்றோடு போட்டியிட்டு முழுச் சத்தத்தில் வாசிக்கையில் குழைந்து வந்த இசை, எழுபதுகளின் அந்தச் சனிக்கிழமை, திருவிழாப் பாட்டு ஒத்திகையில் இப்படிக் கீச்சிட்டது. மறுநாள் பூசைக்குக் கிதாரா, பழைய ஆர்மோனியமா என்று அன்று முடிவாக வேண்டும்.

"கொஞ்சம் கம்மி பண்ணுங்க லூயி," என்றார் பங்குச் சாமியார்.

அப்பா குமிழைத் திருப்பினார். சத்தம் மெலிந்தது, ஆனால் முன்னைவிடக் கூர்மையானது. பாட்டுக் குழுவில் மூத்தவரான ரோசக்கா, "எங்களுக்கெல்லாம் அப்பவே காது குத்தியாச்சுங்க, மறுபடியும் குத்தாதீங்க!" என்றதும் எல்லோரும் சிரித்தார்கள். அப்பா இன்னும் குறைத்தார். அது இன்னும் குத்தியது.

காரணம் அப்பாவுக்குத் தெரிந்திருந்தது. சத்தத்தைக் குறைக்கும் குமிழுக்குக் குறுக்கே துவரம்பருப்பு அளவில் ஒரு "கண்டென்சர்" பற்ற வைத்திருப்பார்கள். கீச்சான ஒலியை மட்டும் அது பக்கவழியாகத் தாண்டவிடும். குமிழ் முழுக்கத் திறந்திருக்கும்போது எல்லா ஒலியும் சேர்ந்தே வருவதால் வித்தியாசம் தெரியாது. குறைக்கக் குறைக்க மற்றதெல்லாம் அடங்கி, அந்தக் கீச்சு மட்டும் தனியாக நிற்கும். "அதோட ஒரு கம்பிக் கால வெட்டிவுட்டாப் போதும் சாமி, அஞ்சு நிமிசம்," என்று சொல்லிவிட்டு, அப்பா ஆம்ப்ளிஃபயரைப் பக்கத்து அறைக்குத் தூக்கிப்போய்ப் பின்பலகையைக் கழற்றினார்.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. அப்பா எதைத் திறந்தாலும், அவர் முடிக்கும்வரை யாராவது ஒருவர் அதன் பிளக்கைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். அதற்குப் பெயர் "காவல்". அன்றைய காவல் நான். எனக்கு ஒன்பது வயது. பிளக்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தேன்.

அப்பாவின் இடது கை ஆம்ப்ளிஃபயரின் இரும்புத் தட்டில் இருந்தது. வலது கை, அந்தப் பருப்பைத் தேடிப்போன வழியில், கட்டைவிரல் பருமனான வேறொரு கண்டென்சரைத் தொட்டது. பட்டென்று ஒரு சத்தம். அப்பா சுவரில் மோதிச் சரிந்தார். கண்கள் திறந்திருந்தன, பேச்சு வரவில்லை.

"பிளக்கப் புடுங்குடி!" என்று பாட்டுக் குழுவோடு ஓடிவந்த அம்மா கத்தினாள். ரோசக்கா கத்தினார். சாமியாரும் கத்தினார். பிடுங்குவதற்கு என்ன இருக்கிறது? அது என் கையில்தான் இருந்தது. அதைத் தூக்கிக் காட்டினேன். யாரும் பார்க்கவில்லை. "தொடாதீங்க, ஒடம்புல கரண்டு இருக்கு," என்று யாரோ சொல்ல, அம்மாவை இரண்டு பெண்கள் இழுத்துப் பிடித்துக்கொண்டார்கள். மூன்று முழத் தூரத்தில் அப்பா கிடக்க, அத்தனை பேரும் சும்மா நின்றோம். ரேடியோக் கடை காதர் பாயை அழைத்துவர ஒருவர் சைக்கிளில் போனார்.

இன்று அந்தக் கடிகாரம் இல்லை. காதர் பாய் கடை இருந்த இடத்தில் கைபேசி உறை விற்கிறார்கள். அப்பாவும் போய்ச் சேர்ந்துவிட்டார். ஆனால் சென்ற மாதம் என் மகன் எங்கிருந்தோ ஒரு பழைய வால்வு ஆம்ப்ளிஃபயரை வாங்கிவந்து, பின்பலகையைக் கழற்றிவிட்டு, "அதான் பிளக்கப் புடுங்கிட்டேன்ல, ஏம்மா பயப்படுறீங்க?" என்று கேட்டான். சொல்ல வேண்டியது எல்லாம் எனக்குத் தெரியும்.  ஆனால் முதலில் அவன் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அன்று பிளக்கைப் பிடித்தபடியே நின்றேன், காதர் பாய் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வரும்வரை. அவர் நேரே போய் அப்பாவின் கையைத் தொட்டுத் தூக்கி நாடி பார்த்தார். "உசுரு நல்லாத்தான் இருக்கு. மனுசனப் போயி யாரும் தொடாம நிக்கிறீங்களே!" என்றார். அம்மா பாய்ந்து போய் அப்பாவின் தலையை மடியில் எடுத்துக்கொண்டாள். பிறகு காதர் பாய் திறந்து கிடந்த ஆம்ப்ளிஃபயரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வெளுத்துப்போயிருந்த என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார்.

"கீழ போட்டுரு புள்ள. பெரிய கண்டென்சரு, பிளக்கப் புடுங்குன பின்னாடியும் கரண்டப் புடிச்சு வச்சிருக்கும். நீ எவ்ளோ இறுக்கிப் புடிச்சிருந்தாலும் அடிச்சுத்தான் இருக்கும்."