மேடு கீழே, பள்ளம் மேலே

போன வாரம் மூலக்குளத்தில் ஒரு ஸ்டேஷனரி கடையில் நோட்டுக்கு அட்டை வாங்க நின்றேன். பக்கத்தில் ஒரு சிறுமி வாசனை ரப்பரை எடுத்து மூக்கருகே வைத்தாள். வாசனை எனக்கும் வந்தது. அவ்வளவுதான், கலைச்செல்வி ஞாபகம் வந்துவிட்டது.

கலை என்னோடு பி.எஸ்சி. கணக்கு படித்தவள். பாகூர்க்காரி. பென்சிலைவிட ரப்பரை அதிகம் தேய்த்தவள். படிப்பு முடிந்தும் கால்குலஸில் மட்டும் அரியர். எனக்கு அரியர் இல்லை. அந்தப் பெருமையில் கொஞ்ச நாள் என் நடையே மாறியிருந்தது. அவளுக்கோ அரியாங்குப்பத்தில் மெக்கானிக் கடை வைத்திருந்த மாமன் மகனோடு கல்யாணம் பேசியாகிவிட்டது. அவள் அப்பா கரும்பு விவசாயி, சொன்னால் சொன்னதுதான். “மொதல்ல சர்ட்டிபிகேட்டு கைக்கு வரட்டும், அப்பறம் பந்தக்கால் நடலாம்” என்றுவிட்டார். கல்யாணம் நடக்கவேண்டும் என்று கால்குலஸ் படித்த பெண்ணை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

அவளுக்குச் சொல்லிக்கொடுக்க நான்தான் பாகூர் போவேன். வகைக்கெழு எடுப்பாள், பூஜ்ஜியத்துக்குச் சமமாக்குவாள், எல்லாம் சரி. படம் வரையும்போதுதான் வம்பு. மேலே x ஸ்கொயர், கீழே x மைனஸ் ஒன்று என்று ஒரு கணக்கு. x ஒன்றாகும் இடத்தில் கீழே பூஜ்ஜியம், படம் அங்கே அறுந்துதான் ஆகவேண்டும். இடது துண்டு பாதாளத்துக்குப் போகும், வலது துண்டு ஆகாயத்திலிருந்து இறங்கும். இவள் இரண்டையும் வளைத்து இழுத்துச் சேர்த்துவிடுவாள். தினமும் வாசலில் சிக்குக் கோலம் போடுகிற கை! “கோட்ட பாதில வுட்டா வூட்டுக்கு ஆவாதுடி” என்பாள்.

போதாததற்கு அந்தப் படத்தில் மேட்டின் உயரம் பூஜ்ஜியம், பள்ளத்தின் உயரம் நாலு. “மேடு கீழ, பள்ளம் மேல. இது இன்னா ஊருடி?” என்று நோட்டை மூடிவிட்டாள். நான் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தேன்.

ஒரு சாயங்காலம் அவர்கள் கரும்புக் கொல்லை வரப்பில் உட்கார்ந்திருந்தோம். அந்தப் பக்கம் அவள் சித்தப்பாவின் கொல்லை. அண்ணன் தம்பிக்குள் பேச்சுவார்த்தை இல்லை. சண்டைக்கு மட்டும் இருவரும் வரப்புவரை வருவார்கள்.

“உங்கப்பா எவ்ளோ கோவத்துல வந்தாலும் இந்த வரப்ப தாண்டுவாராடி?”

“தாண்டுனா கேசாயிடுமே.”

“x ஒன்னாவுற எடம் இந்த வரப்புதான். ஒரு துண்டு உங்கப்பா, இன்னொண்ணு சித்தப்பா. கிட்ட வரலாம், தொடக்கூடாது. அவர் மேடு அவர் கொல்லையில, இவர் பள்ளம் இவர் கொல்லையில, எது மேல எது கீழன்னு பாக்கக்கூடாது.”

அவள் நோட்டைப் பிரித்தாள். “அப்ப நான் இத்தினி நாளா ரெண்டு பேரையும் ராசியாக்கினு இருந்தனா? அது இந்த ஜென்மத்துல நடக்காதுடி” என்று சொல்லி, சேர்த்த கோட்டை அழித்தாள். அதற்கப்புறம் அவள் சேர்க்கவே இல்லை. பரீட்சையில் இரண்டு துண்டுக்கும் அப்பா, சித்தப்பா என்று பென்சிலில் எழுதிப் பிறகு அழித்தாளாம். திருத்தியவர் கண்ணில் பட்டதோ என்னவோ, பாஸ் போட்டுவிட்டார்.

ரிசல்ட் அன்று அவள் வீட்டில் லட்டு கொடுத்தார்கள். நான் அழுதுவிட்டேன். “சிநேகிதி பாஸானதுல இன்னா சந்தோசம் பாரு இந்தப் பொண்ணுக்கு” என்றார் அவள் அம்மா. சந்தோஷமில்லை, வயிற்றெரிச்சல். அடுத்த முகூர்த்தத்திலேயே கலை அரியாங்குப்பம் போய்விட்டாள்.

இப்போது காலையில் வாட்ஸப்பில் ஒரு பூ அனுப்புவாள். நானும் ஒரு பூ அனுப்புவேன். அரியாங்குப்பம் ஒன்றும் தூரமில்லை. ஆனால் மணிக்கணக்கில் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்க எனக்கு இருந்த ஒரே சாக்கு அந்த அரியர். அதைத்தான் நானே பாடம் சொல்லிக்கொடுத்துப் பாஸ் பண்ண வைத்துவிட்டேன்.