கோவையிலிருந்து எடுத்த கடிதம்

ஒரு பெண் எழுதிய எச்சரிக்கைக் கடிதத்தை கடிதங்களைக் கோத்து வைக்கும் அலுவலகக் கோவையிலிருந்து எடுத்துக் கிழித்தவன் நான். அதனால் அவளுக்கு வேலை போயிற்று. தவறு என்னுடையது.

அரச சேவையில் ஓய்வு பெற்றபின் கண்டி நகரில் ஒரு தனியார் இரத்தப் பரிசோதனை நிலையத்தில் நிர்வாகியாக இருந்தேன். ரூபாயின் பெறுமதி விழுந்த வருடம், கணினிச் செலவைக் குறைக்கும்படி முதலாளி கேட்டார். யாரும் தொடாத இரண்டு அச்சு இயந்திரங்களின் பராமரிப்பு ஒப்பந்தத்தை நிறுத்தினேன். விலகிப் போனவர்களின் பெயரில் ஓடிக்கொண்டிருந்த மின்னஞ்சல் கணக்குகளை மூடினேன். அதுவரை சரி. முதலாளி பாராட்டினார். எனக்கு அது ருசித்துவிட்டது.

அடுத்து, நோயாளிகளின் அறிக்கைகளை நாள்தோறும் பிரதியெடுத்து வெளியிடத்தில் பாதுகாக்கும் சேவையில் கைவைத்தேன். அதற்கு டொலரில் கட்டவேண்டியிருந்தது. கணினிகளுக்குப் பொறுப்பாக இருந்தவள் ஹேவாஹெட்டத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து படித்து வந்தவள், முப்பது வயதிருக்கும். "இத மட்டும் நிறுத்தாதீங்க சார்" என்றாள். அரச சேவைப் பழக்கத்தில், எழுத்தில் தரும்படி சொன்னேன். தந்தாள். ஓரத்தில் 'அவசியமில்லை' என்று எழுதி, சுருக்கொப்பம் வைத்துக் கோவையில் போட்டுவிட்டு, சேவையை நிறுத்தினேன்.

சில மாதங்களில் பிரதான கணினி பழுதடைந்தது. சேவையோடு வெளியிடத்துப் பிரதிகளும் அழிக்கப்பட்டிருந்ததால், பல வருட அறிக்கைகள் மீளவில்லை. பேராதனை ஆஸ்பத்திரியில் சிகிச்சை பெறுகிறவர்கள் பழைய அறிக்கை கேட்டு வந்து வெறுங்கையோடு திரும்பினார்கள்.

முதலாளி விசாரிப்பதற்கு முன்பே நான் கோவையைத் திறந்து அந்தக் கடிதத்தை எடுத்துவிட்டேன். இப்படி ஆகும் என்று அவள் எச்சரிக்கவில்லையா என்று அவர் கேட்டபோது, இல்லை என்றேன். எழுதிக் கொடுத்ததாக அவள் சொன்னாள். அவள் முன்னாலேயே கோவையைப் புரட்டினார்கள். அவள் கோவையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். அன்றே வேலையிலிருந்து நிறுத்தப்பட்டாள். போகும்போது, "எங்க வீட்ல நான் என்னா சொல்லுவேன் சார்?" என்று மட்டும் கேட்டாள்.

இரண்டு வருடங்களுக்குப் பிறகு, என் மடிக்கணினியைத் திருத்தக் கம்பளையில் ஒரு கடைக்குப் போனேன். உள்ளே அவள் இருந்தாள். வருகிற எல்லாரையும் அழைப்பதுபோல "வாங்க சார்" என்றாள். கணினியை மேசையில் வைக்க எனக்குக் கை வரவில்லை. ஏதோ சொல்லிவிட்டு வெளியேறினேன்.

மறுநாள் முதலாளியிடம் போய் நடந்ததைச் சொன்னேன். "விடுங்க சேர், அது முடிஞ்ச கத" என்றார். நான் விடவில்லை. அவள் எச்சரித்ததையும் நான் மறைத்ததையும் எழுதி, அவருடைய கையொப்பத்தையும் வாங்கிக்கொண்டு கம்பளைக்குப் போனேன்.

அவள் நின்றபடியே வாசித்துவிட்டுக் கடிதத்தைத் திருப்பித் தந்தாள்.

"இதால எனக்கு இப்ப ஒண்ணும் ஆகப்போறதில்ல சார். எங்கப்பாகிட்ட போய்ச் சொல்லுங்க. மக கம்ப்யூட்டர் ரூம்ல இருக்கான்னு தோட்டம் பூராச் சொல்லிக்கிட்டுத் திரிஞ்ச மனுசன். நான் தான் கெடுத்துட்டு வந்தேன்னு ரெண்டு வருசமா பேசுறதில்ல."

அந்த ஞாயிற்றுக்கிழமை ஹேவாஹெட்டவுக்கு பஸ் ஏறினேன். அவளுடைய தகப்பனார் எனக்குக் கதிரையைத் துடைத்துப் போட்டார். உட்காராமலே சொல்லி முடித்தேன்.

"அவ சொன்னா. நான் தான் நம்பல" என்றார். பிறகு, "பெரிய ஆளு பொய் சொல்லமாட்டாருன்னு நெனச்சேன்."

மகளுக்குத் தொலைபேசி எடுத்தார். முதல் இரண்டு முறையும் அவள் எடுக்கவில்லை. மூன்றாம் முறை எடுத்தாள். "சாப்பிட்டியா?" என்று கேட்டார். நான் இறங்கி வந்துவிட்டேன்.

தீபாவளிக்கு அவள் தகப்பனார் வீட்டுக்குப் போனதாக அறிந்தேன். அதன்பின் ஒருமுறை கம்பளை பஸ் நிலையத்தில் என்னைக் கண்டாள், முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.