டாக்டர் அத்தையின் காலை மடக்கியபோது

நான்காம் வகுப்பு முடிந்த கோடை விடுமுறையில், அத்தையின் காலை ஒரு டாக்டர் முறிப்பதை என் கண்ணால் பார்த்தேன். அப்படித்தான் வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

அதற்கு மூன்று நாள் முன்னால் மணிமுத்தாறு போய்விட்டுத் திரும்பும்போது, அத்தை முன்சீட்டில் உட்கார்ந்திருந்த கார் புளியமரத்தில் மோதிவிட்டது. இடித்தது முழங்கால், உடைந்ததோ இடுப்பு. தொடையெலும்பின் உருண்டை பொருந்தியிருக்கும் கிண்ணத்தில் பின்பக்க விளிம்பு பெயர்ந்துவிட்டது என்றார் டாக்டர். அடி ஓரிடம், உடைவு வேறிடம் என்றதுமே எனக்கு அந்த டாக்டர்மேல் நம்பிக்கை போய்விட்டது.

பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் அவர் அப்பாவிடம், "மயக்கம் குடுத்துட்டு அசைச்சுப் பாக்கணும் சார். உருண்டை நழுவுச்சுன்னா ஆபரேஷன்தான்" என்றார். அசைப்பது என்றால் தொட்டிலை ஆட்டுவதுபோல என்று எண்ணிக்கொண்டேன்.

ஆபரேஷன் தியேட்டர் கதவோரத்துப் பெஞ்சில் அப்பா குனிந்து உட்கார்ந்திருந்தார். நான் அதன்மேல் ஏறி, கதவின் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தேன். அத்தை வாய் லேசாகத் திறந்து, கண்மூடிக் கிடந்தாள். நர்ஸ் இடுப்பை அமுக்கிப் பிடித்திருக்க, டாக்டர் அத்தையின் முழங்காலை மடக்கி, தொடையைச் செங்குத்தாக நிறுத்தி, உடம்பின் கனத்தையெல்லாம் அதன்மேல் போட்டு அழுத்தினார். அவர் கண்ணோ பக்கத்திலிருந்த எக்ஸ்ரே திரையில். மறுபடி காலை உள்பக்கமாகச் சாய்த்து அழுத்தினார். அத்தை முனகக்கூட இல்லை.

"அப்பா, அத்தைய கொல்லுதாங்க!"

அலறியபடி கதவைத் தள்ளினேன். திறக்கவில்லை. அப்பா என்னைத் தூக்கி இறுக்கிக்கொண்டார். "ஏட்டி, சத்தம் போடாத. ஒண்ணுமில்ல" என்றார். அவரும் உள்ளே ஓடவில்லை.

வேர்த்து வழிந்த முகத்தோடு டாக்டர் வெளியே வந்தார். "எவ்வளவு அழுத்தியும் நழுவலை சார். கத்தி வைக்க வேண்டாம். கொஞ்ச மாசம் காலை ஊனாம இருந்தாப் போதும்."

அப்பா அவர் கைகளைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு விம்மினார். நான் திகைத்து நின்றேன். அந்தக் கைகளையா?

மயக்கம் தெளிந்த அத்தை, "ஏன் எல்லாரும் அழுதிய?" என்று கேட்டாள்.

"டாக்டர் ஒன் காலை ஒடைச்சாரு அத்தை. அப்பா சும்மா இருந்தாவ" என்றேன். அப்பா அத்தையின் போர்வையை இழுத்துவிட்டார்.

தைப்பூசத்துக்கு அத்தை தானாகவே படித்துறையில் இறங்கிக் குளித்தாள். ஆனால் அந்தக் கோடையில் நான் அப்பாவிடம் நான்கு நாள் பேசவில்லை. தங்கையின் உடைந்த இடுப்பை இன்னொருவர் பலங்கொண்டமட்டும் அழுத்திப் பார்க்கச் சம்மதித்துவிட்டு, கதவுக்கு வெளியே காத்திருக்க எவ்வளவு தைரியம் வேண்டும் என்பது ஒன்பது வயதில் எனக்கு எங்கே தெரிந்தது?