ஐஸ் வண்டிக்கு ஆயுத பூஜை

துபாயில் நான் ஐஸ் ஹாக்கி ஆடினேன் என்று சொன்னால் பட்டுக்கோட்டைப் பக்கத்து உறவினர்கள் இன்றும் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "அப்படியாம்மா" என்கிறார்கள். வெளியே வெயில் மண்டையைப் பிளக்கும் ஊரில், ஒரு மாலின் கீழ்த்தளத்தில், ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு பனிக்கட்டியின் மேல் ஒரு கறுப்பு ரப்பர் வில்லையை விரட்டினோம் என்றால் யார்தான் நம்புவார்கள்? ஆனால் அந்தப் பனிக்கட்டியைப் போட்டதே என் அப்பாதான்.

ஏ.சி. மெக்கானிக்காகப் போன அப்பாவுக்கு ரிங்க் என்று சொல்லும் அந்தப் பனிக்கட்டி ஆடுகளத்தில் வேலை. குளிர் மெஷினைப் பார்த்துக்கொள்வதோடு ஐஸ் வண்டியையும் அவரே ஓட்டுவார். அது கீறல் விழுந்த ஐஸைச் சீவிக்கொண்டே போய், பின்னால் இழுபடும் துணியால் வெந்நீரைப் பூசும். சில நிமிடங்களில் அது உறைந்து கண்ணாடியாகிவிடும். பள்ளி விட்டதும் அப்பாவின் ட்யூட்டி முடியும்வரை நான் அங்கேதான் கிடப்பேன். அங்கே பிள்ளைகளின் ஹாக்கி டீமுக்குக் கோல் காக்க ஆள் கிடைக்காமல் திண்டாடிய கோச், வில்லை முகத்துக்கு நேரே வந்தாலும் கண்ணை மூடாத பத்து வயதுப் பெண்ணைப் பார்த்ததும் விடவில்லை. யாரோ மறந்துவிட்டுப் போன பேடுகளைக் கட்டி என்னை நிற்கவைத்துவிட்டார்.

கோச் கனடாக்காரர். பதினாலு வருடம் ஏழு ஊர் டீம்களுக்குச் சம்பளத்துக்கு ஆடியவர். பெரிய லீகில் ஆடியது மொத்தம் பதினோரு ஆட்டம். அந்தப் பதினொன்றையும் எங்களுக்கு வரிசை மாறாமல் சொல்லியிருக்கிறார். கோல் அடிப்பது அவர் வேலையில்லை, அடிக்க வருபவனை மறிப்பதுதான் வேலை. மேல்வரிசைப் பல் நாலு போனது நாலாவது ஊரில், முழங்கால் போனது ஆறாவது ஊரில். அதன்பிறகு கோச்சாகி, பனி பெய்யும் ஊர்களில் எல்லாம் வேலை தேடிவிட்டு, கடைசியில் பாலைவனத்துக்கு வந்து சேர்ந்தார். ஐஸில் இறங்குமுன் பல்செட்டைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். திட்டும்போது பாதி காற்றாக வரும், நாங்கள் சிரித்தால் அவரும் சிரிப்பார்.

அந்த வருடம் ஆயுத பூஜை வெள்ளிக்கிழமை வந்தது. அன்று காலைதான் அபுதாபி டீமோடு எங்கள் முதல் ஆட்டம். ஊரில் டிராக்டருக்கும் தையல் மெஷினுக்கும் பொட்டு வைப்பவர்கள், சோறு போடும் ஐஸ் வண்டியை மட்டும் சும்மா விடுவார்களா? ஆனால் முந்தின வருடம் அப்பா கொளுத்திய ஒரு கட்டு ஊதுபத்தியில் தீ அலாரம் அடித்து, மாலில் இருந்த அத்தனை பேரும் வெளியே ஓடியிருந்தார்கள். ரிங்க் மேனேஜர் அன்றைக்கே சொல்லிவிட்டார்: "இன்னொரு தடவை நடந்தால் கலாஸ்." அதாவது கதை முடிந்தது. கஃபீலிடம் சொல்லி விசாவை ரத்து செய்து ஊருக்கு அனுப்பிவிடுவார். கஃபீல் என்பவர் எங்களை அந்த நாட்டுக்கு வரவழைத்த முதலாளி. அவர் கையெழுத்தில்தான் நாங்கள் குடியிருந்த கராமா ஃப்ளாட்டும் என் பள்ளிக்கூடமும் அம்மாவின் குக்கரும் நின்றுகொண்டிருந்தன.

புகைதானே பிரச்சினை, புகையில்லாமல் செய்துவிட்டால் போயிற்று என்று அப்பாவும் அம்மாவும் முடிவு செய்தார்கள். அம்மா ஒரு பையில் சந்தனம், குங்குமம், எலுமிச்சம்பழம், பூசணிக்காய் எல்லாம் போட்டுக் கொடுத்தார். விடிந்ததும் நானும் அப்பாவும் வண்டி நிற்கும் அறைக்குள் நுழைந்து கதவைச் சாத்திக்கொண்டோம்.

பூசணிக்காயைத் துளைபோட்டு உள்ளே கொஞ்சம் குங்குமம் வைக்க வேண்டும். அப்பா வேலையை என்னிடம் விட்டார். அபுதாபிப் பையன்கள் பெரிய பெரிய ஆட்கள் என்று கேள்விப்பட்டிருந்ததால் நான் குங்குமப் பாக்கெட்டையே உள்ளே கவிழ்த்தேன். உடைக்கும் நேரத்தில்தான் அப்பாவுக்குப் பயம் வந்தது.

"போட்டு ஒடச்சா சத்தம் கேக்கும் பாப்பா, செக்யூரிட்டி வந்துருவான். சக்கரத்துக்கு அடியில வச்சு நசுக்கிருவோம்."

எலுமிச்சம்பழம் நசுங்கும் இடத்தில் பூசணிக்காயும் நசுங்கட்டும் என்பது அவர் கணக்கு. நசுங்கியது. வண்டி அப்படியே ஐஸுக்குள் போனது. சக்கரத்தில் ஒட்டியிருந்த குங்குமத்தை வெந்நீர் கரைத்தது, பின்னால் வந்த துணி அதை ஒரு குறையும் வைக்காமல் தேய்த்தது. அப்பா திரும்பிப் பார்த்தபோது பாதி ரிங்க் ரோஸ்மில்க் நிறத்தில் உறைந்திருந்தது. அங்கங்கே பூசணி விதை வேறு.

அழுத்தித் துடைத்துப் பார்த்தார், வரவில்லை. நிறம் ஐஸுக்குள்ளேயே உறைந்துவிட்டது. சீவி எடுக்க வேண்டுமானால் இரண்டு மணி நேரம் ஆகும், ஆட்டத்துக்கு இருந்ததோ அரை மணி. அப்பா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டார். காலிக் குங்குமப் பாக்கெட்டை நான் அம்மாவின் பைக்கு அடியில் திணித்தேன்.

அபுதாபி டீமும் பெற்றோர்களும் உள்ளே வர, மேனேஜரும் வந்தார். "யே க்யா ஹை?", இது என்ன, என்று அவர் இந்தியில் போட்ட சத்தத்தில் கூட்டமே திரும்பிப் பார்த்தது. அப்போதுதான் கோச் அறையிலிருந்து வெளியே வந்தார். ஐஸைப் பார்த்தார், என் நெற்றியில் இருந்த குங்குமத்தைப் பார்த்தார், ஐஸ் வண்டியின் மூக்கில் இருந்த பெரிய பொட்டைப் பார்த்தார். பிறகு பல்செட்டை எடுத்து நிதானமாக மாட்டிக்கொண்டார்.

"நான்தான் போடச் சொன்னேன்," என்றார். எங்கள் ஊரில் முதல் ஆட்டத்துக்கு ஐஸில் டீமின் நிறத்தைப் பூசுவார்கள், எங்கள் டீமின் நிறம் சிவப்பு, உங்களிடம் கேட்காதது என் தப்பு என்று தெளிவான ஆங்கிலத்தில் சொன்னார். விதைகளைப் பற்றி அவர் பேசவில்லை. பதினாலு வருடம் ஆடியவரிடம் ஐஸ் ஹாக்கி வழக்கத்தைப் பற்றி யார் வாதாடுவது? அதற்குள் அபுதாபி அம்மாக்கள் கைதட்டி, பிள்ளைகளை அந்த ஐஸில் நிறுத்திப் படம் எடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். மேனேஜரும் ஒரு படத்தில் நின்றார்.

மூன்றுக்கு இரண்டு என்று நாங்கள் ஜெயித்தோம். கடைசி நிமிடத்தில் என்னை நோக்கி வந்த வில்லை ஐஸில் துருத்திக்கொண்டிருந்த ஒரு பூசணி விதையில் இடறி வெளியே போனது. அதை நான் தடுத்ததாகவே எழுதிக்கொண்டார்கள், நானும் மறுக்கவில்லை. எல்லாரும் என்னைத் தூக்கிக்கொண்டு கத்தினார்கள். அவ்வளவு சந்தோஷம் அதற்குமுன் எனக்கு வந்ததில்லை. ஆட்டம் முடிந்ததும் அப்பாவும் கோச்சும் மண்டிபோட்டு ஐஸைச் சுரண்டினார்கள். முழங்கால் வலியில் முனகிக்கொண்டே கோச், "அடுத்த வருஷம் பூசணி ஓகே, சிவப்பு மாஃபி," என்றார். மாஃபி என்றால் அங்கே எல்லாரும் பேசும் அரபியில் 'கிடையாது'. அப்பா வெகுநாளைக்கப்புறம் வாய்விட்டுச் சிரித்தார்.

எனக்குத்தான் ஒரு குறை. பூஜை செய்தது நாங்கள், பெயர் வாங்கியது கோச். "வெள்ளக்காரருக்கு என்ன, வாய்க்கு வந்ததச் சொல்லுவாரு, யாரு கேக்கப் போறா?" என்று அம்மாவிடம் பெரிய மனுஷி மாதிரி சொன்னேன்.

மறுவாரம் மேனேஜர் அறைக்கு வெளியே கோச் உட்கார்ந்திருந்தார். விசா புதுப்பிக்க அப்பாவும் மற்றவர்களும் காத்திருக்கும் அதே பிளாஸ்டிக் நாற்காலி. தலையைப் படிய வாரி, மடியில் ஒரு ஃபைலும் அதன்மேல் பாஸ்போர்ட்டும் வைத்திருந்தார். அறைக்குள்ளிருந்து யாரும் கூப்பிடவில்லை. எங்களுக்குப் புது வலை கேட்க வந்தீர்களா என்று நான் ஓடிப்போய்க் கேட்டேன். ஆமாம் என்றார். அவர் உட்கார்ந்தே இருந்தார். நான் பயிற்சி முடித்துவிட்டு வந்தபோதும் உட்கார்ந்திருந்தார்.

அவர் இன்னும் மூன்று வருடம் எங்களோடு இருந்தார், ஆகையால் அவருக்கும் கஃபீலின் கையெழுத்துக் கிடைத்திருக்க வேண்டும். கஃபீல் என்பவர் எங்களைப் போன்றவர்களுக்கு மட்டும்தான் என்று நான் அப்போது நினைத்திருந்தேன்.