இடது ஓரம் கேட்ட சண்முகக்கனி அக்கா

சண்முகக்கனி அக்கா காலமான செய்தி எனக்கு இருக்கன்குடி கோயிலுக்குப் போயிருந்தபோது வந்தது. ஞாயிற்றுக்கிழமை, மாலை நான்கு மணி இருக்கும். சாமி கும்பிட்டுவிட்டு ஆற்று மணலில் உட்கார்ந்திருந்தேன். வெயில் மணலில் நெளிந்துகொண்டிருந்ததில், தூரத்தில் நடந்தவர்கள் தண்ணீருக்குள் நடப்பவர்களைப் போலத் தெரிந்தார்கள். அக்காவின் தம்பி மாரியப்பன் போனில் பேசினார்.

"மதியம் சாப்பிட்டுப் படுத்தாகம்மா. காப்பி போட்டு எழுப்பப் போனேன், எந்திரிக்கல" என்றார். டாக்டர் வந்து பார்த்துவிட்டார் என்றும், மறுநாள் காலையில் எடுப்பதாகவும் சொன்னார். நான் "சரிண்ணே" என்று மட்டும் சொன்னேன். போனை வைத்த பிறகும் மணலில் நடப்பவர்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர்களில் ஒருவர் அக்காவாக இருக்கக் கூடாதா என்று தோன்றியது.

அக்காவை அறியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சிவகாசியில் ஓர் அச்சகத்தில், பட்டாசுப் பெட்டிகளுக்கான லேபிள்களைக் கம்ப்யூட்டரில் வரைவது அவர் வேலை. பக்கத்து நாற்காலியில் எனக்கும் அதே வேலை. அவர் பெயர் எந்தப் பெட்டியிலும் இருக்காது. ஆனால் தீபாவளிக்கு நீங்கள் பிரித்த ஏதாவது ஒரு பெட்டியின் மேல் அவர் வரைந்த மயிலோ விண்மீனோ இருந்திருக்கும். அவருடைய தாத்தா காலம் வரை நாரணாபுரத்துப் பக்கம் அடுத்தவர் காட்டில் கூலி வேலை. அப்பா, அம்மா, தம்பி எல்லாரும் பட்டாசு ஆலைக்குப் போனவர்கள். குடும்பத்தில் நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்த முதல் ஆள் அக்காதான். "எங்க வீட்டுல எல்லாரும் மருந்து கலக்குனாக. நான் நெறம் கலக்குதேன்" என்பார்.

காலையில் வந்ததும் முந்தின இரவு கண்ட கனவைச் சொல்வார். பச்சைக் கிளி ஒன்று லேபிளில் உட்கார மாட்டேன் என்று அடம்பிடித்ததாகச் சொல்லிவிட்டு, அன்று மத்தியானமே அந்தக் கிளியை வரைந்துவிடுவார். எது கனவில் வந்த நிறம், எது மையில் வந்த நிறம் என்று எனக்குக் குழம்பிப்போகும்.

சிறு வயதில் கம்பி மத்தாப்புத் தெறித்து வலது கண்ணில் பாதிப் பார்வை போயிருந்தது. திரையின் வலப்பக்கம் அவருக்கு மூடுபனி. அதனால் எல்லாருக்கும் திரையின் அடியில் படுத்திருக்கும், டாஸ்க்பார் என்கிற பட்டன் பட்டையை அவர் திரையின் இடது ஓரத்தில் நிமிர்த்தி வைத்திருந்தார். வேண்டியவை எல்லாம் அங்கே மேலிருந்து கீழாக நிற்கும். பார்க்காமலேயே கை போகும்.

நான்கு தீபாவளிகளுக்கு முன்னால், ஒரு திங்கட்கிழமை காலை, கம்ப்யூட்டர்களின் முகமே மாறிவிட்டிருந்தது. கம்பெனியில் எல்லாவற்றிலும் சிஸ்டத்தைப் புதிதாக ஏற்றியிருந்தார்கள். மூலையில் இருந்த தொடக்கப் பட்டன் நடுவில் வந்து உட்கார்ந்திருந்தது. வலது கிளிக்கில் வரும் பட்டியலில் பாதியைக் காணவில்லை. அடியில் இருக்கும் பட்டையை ஓரத்துக்கு நகர்த்த வழியே இல்லை. அறையில் இருந்த நான்கு பெண்களும் முணுமுணுத்தோம். ஒரு வாரத்தில் எனக்குப் பழகிவிட்டது.

அக்காவுக்குப் பழகவில்லை. அவர் கை இடது ஓரத்துக்குப் போய், அங்கே ஒன்றும் இல்லாமல் நிற்கும். அரை நாளில் முடிக்கும் லேபிளுக்கு இரண்டு நாள் ஆயிற்று. முதலாளி வேறு ஆள் பார்க்கிறார் என்ற பேச்சு அடிபட்டது. ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில், டிபன் பாக்ஸைத் திறக்காமலேயே அக்கா சொன்னார்: "கனவுலயும் தேடுதேன் விஜி. கை போற எடத்துல ஒண்ணுமே இல்ல."

அதற்குப் பிறகு சாப்பாட்டு நேரங்களில் போனைக் கண்ணருகே வைத்து எதையோ படித்துக்கொண்டிருந்தார். இதே மாற்றம் பிடிக்காமல் லினக்ஸ் என்ற இலவச சிஸ்டத்துக்கு மாறியவர்கள் தமிழில் எழுதிய குறிப்புகள் அவை. எங்கெங்கோ இருப்பவர்கள். "எனக்கு மட்டுந்தான் புடிக்கலன்னு நெனச்சேன். எம்புட்டுப் பேரு" என்று வியந்தார். இரண்டு மாதம் படித்தார். ஒரு சனிக்கிழமை, யாரிடமும் கேட்காமல், ஒரு பென் டிரைவிலிருந்து தன் கம்ப்யூட்டரில் அதை ஏற்றிவிட்டார். பட்டை மறுபடி இடது ஓரத்தில் நின்றது. கைகளை மடியில் வைத்துக்கொண்டு, ஒன்றும் செய்யாமல் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இனிமேல் எழுதுவது எனக்கு வெட்கம் தருவது. முதலாளியிடம் போய்ச் சொன்னது நான். சீசன் நேரம். நாங்கள் வழக்கமாக வரையும் மென்பொருள் அந்த சிஸ்டத்தில் ஓடாது, பழைய கோப்புகள் சரியாகத் திறக்காது, ஆர்டர் தவறினால் என் வேலையும் போகும் என்று பயந்தேன். பயம் மட்டுமா என்று கேட்டால், இல்லை. அவர் துணிந்தது எனக்குக் கொஞ்சம் பொறுக்கவில்லை.

முதலாளி அக்காவைக் கூப்பிட்டுச் சத்தம் போட்டார். அக்கா எதிர்த்துப் பேசவில்லை. ஒரே ஒரு ஆர்டர் கொடுங்கள், சரியாக வராவிட்டால் நானே வேலையை விட்டு நின்றுகொள்கிறேன் என்று மட்டும் கேட்டார். புஸ்வாணப் பெட்டி லேபிள் ஒன்று கிடைத்தது. புதிய சிஸ்டத்தில் கிடைத்த இலவச மென்பொருளில் மூன்று நாள் வரைந்தார். சிவப்புப் புஸ்வாணத்தின் பொறிகள் மேலே போகப் போக நாரைக் கூட்டமாகிப் பறக்கும். என் வேலையை விட்டு எழுந்து போய்ப் பார்த்தேன்.

அச்சில் ஏறியபோது சிவப்பு செங்கல் நிறத்தில் வந்தது. அந்த மென்பொருளுக்குத் திரையின் நிறம்தான் தெரியும், அச்சு மெஷினில் நான்கு மைகளைக் கலக்கும் கணக்கு தெரியாது. முதலாளி வெளியூரில் இருந்தார். மெஷின்காரர் கவனிக்கவில்லை. அக்கா பேசாமல் இருந்திருந்தால் அந்த லோடு அப்படியே போயிருக்கும், ஆர்டர் கொடுத்தவர்கூட ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார். அக்கா போய் மெஷினை நிறுத்தச் சொன்னார். முதலாளிக்குப் போன் செய்தார்.

"செவப்பு தப்பா வந்துருக்குங்க. என் தப்புதான். மெஷின நிறுத்திட்டேன். இனிமே நீங்க சொல்றபடி" என்றார்.

அதைக் கேட்டுக்கொண்டிருந்த எனக்கு உட்கார முடியவில்லை. அவர் பக்கத்தில் போய், முதலாளியிடம் சொன்னது நான்தான் என்றேன்.

"தெரியும். அன்னைக்கே கோவத்துல சொல்லிட்டாரு" என்றார். ஜன்னலைப் பார்த்தார். வெளியே அச்சிட்ட தாள்கள் காற்றில் படபடத்துக் காய்ந்துகொண்டிருந்தன. "உனக்கும் பயம், எனக்கும் பயம். ஒரே ரூமுல உக்காந்துக்கிட்டு ஒருத்தருக்கொருத்தர் சொல்லாம இருந்துருக்கோம் பாரு."

அந்தக் கோப்பை என்னிடம் கொடுங்கள், என் கம்ப்யூட்டரில் மைக் கணக்கைச் சரிசெய்து பார்க்கிறேன் என்றேன். இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்தோம். சாயங்காலம் எடுத்த தாளில் சிவப்பு மிளகாய்ப் பழமாக வந்தது. மறுநாள் முதலாளி தாளை வெயிலில் பிடித்துப் பார்த்தார். "எந்த சிஸ்டமோ இருந்துட்டுப் போகுது. செவப்பு செவப்பா வரணும், அம்புட்டுதான்" என்றார்.

அன்றிலிருந்து அக்கா வரைவார், நான் அச்சுக்கு அனுப்புவேன். அறையில் இருந்த மற்ற இரண்டு பெண்களும் ஒருவர் பின் ஒருவராக அக்காவின் சிஸ்டத்துக்கு மாறினார்கள். நான் மாறவில்லை. என்னை ஏன் கூப்பிடவில்லை என்று ஒருமுறை கேட்டேன். "ஒனக்கு அங்கன நல்லாத் தெரியுதுல்ல, அப்புறம் என்ன?" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பில் குறையேதும் இல்லை. எத்தனையோ முறை யோசித்துப் பார்த்துவிட்டேன், இல்லவே இல்லை.

அக்கா காலமான அன்று இருக்கன்குடியிலிருந்து நேராக அச்சகத்துக்குப் போனேன். கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடித்துத் தர முடியுமா என்று மாரியப்பன் கேட்டிருந்தார். முதலாளி தானே வந்து கதவைத் திறந்துவிட்டார். படம் ஏதும் இருந்தால் அக்காவின் கம்ப்யூட்டரில்தான் இருக்கும். அவர் நாற்காலியில் நான் அதுவரை உட்கார்ந்ததில்லை. எதையும் கலைத்துவிடக் கூடாது என்று மெல்லத் தேடினேன். ஒரே ஒரு படம் கிடைத்தது. கம்பெனி பூஜையன்று யாரோ எடுத்தது. அதில் அக்காவின் கண்கள் மூடியிருந்தன.

இது சரிவராது, வேறு படம் இருக்கிறதா என்று மாரியப்பனுக்குப் போன் செய்தேன்.  "அதையே போடும்மா. அக்காவுக்குப் படம்னாலே கூச்சம், வேற எதுவும் கெடையாது" என்றார். அப்படியே போட்டேன்.

மறுநாள் விடிந்ததும் நாரணாபுரம் போனேன். டீக்கடைச் சுவரில் போஸ்டர் ஈரம் காயாமல் ஒட்டியிருந்தது. பட்டாசு ஆலைக்குப் போகும் வேன் அங்கே வந்து நின்றது. டீ குடிக்கப் பெண்கள் இறங்கினார்கள். வயதான ஒருவர் போஸ்டருக்கு மிக அருகே போய் அக்காவின் முகத்தைப் பார்த்தார். பிறகு மற்றவர்களைப் பார்த்துத் திரும்பி, "நல்லா ஒறங்குறா. சத்தம் போடாம வாங்க" என்றார். ஒருவர் பின் ஒருவராக, பேச்சில்லாமல், எல்லாரும் வேனில் ஏறிக்கொண்டார்கள். டிரைவர்கூட ஹாரன் அடிக்கவில்லை.

நாங்களும் அப்படியே சத்தம் போடாமல் போகிறோம் அக்கா. நீங்கள் உறங்குங்கள்.