டப்பா தீரும் வரை

தங்கதுரை விமானப்படையில் என்ஜின் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். கள்ளக்குறிச்சிக்குத் திரும்பியபோது மனைவி உயிரோடு இல்லை. மகள் எழில்மதி பெங்களூரில். அவருக்கென்று இருந்தது ஒரு மாடல் விமானமும் அதன் குட்டி என்ஜினும்தான். ஞாயிறானால் வற்றிய ஏரிக்குள் போய்த் தனியாகப் பறக்கவிடுவார்.

அந்த என்ஜினுக்குப் பெட்ரோல் ஆகாது. மெத்தனாலில் விளக்கெண்ணெய் கலந்து ஊற்ற வேண்டும். எண்ணெய் குறைந்தால் பிஸ்டன் இறுகிவிடும், கூடினால் புகைந்து அணைந்துபோகும். பலவிதமாகக் கலந்து பார்த்து, நம்ம ஊர் வெயிலுக்கு நாலு பங்குக்கு ஒரு பங்கு எண்ணெய் என்று முடிவுக்கு வந்திருந்தார்.

ஊருக்குள்ளேயே இருக்கும் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த விஷச்சாராயம் குடித்து அத்தனை பேர் செத்தபின் மெத்தனால் என்ற பேர் டீக்கடை வரைக்கும் வந்துவிட்டது. வழக்கமாக விற்றவர் இனித் தர முடியாது என்றார். ஏற்கெனவே வாங்கிய டப்பா பின்கட்டில் ஒரு பெட்டிக்குள் பூட்டிக் கிடந்தது.

வீடு பெருக்க வரும் காசியம்மாள் அந்தச் சாவுகளில் புருஷனைப் பறிகொடுத்தவள். மறுபடி வேலைக்கு வந்தவள் ஒருநாள் கேட்டாள்.

"பொட்டியில இன்னா சார் பூட்டி வச்சிக்கினு இருக்கீங்க?"

பெயிண்டுக்கு ஊற்றும் தின்னர் என்று சொல்லியிருக்கலாம். அவருக்கு வாய் வரவில்லை.

"மெத்தனால்மா. உன் வூட்டுக்காரர் குடிச்சதுல இருந்ததும் இதான்."

அவள் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுப் பெட்டிக்கு எதிரே போனாள்.

"கொட்டிடட்டுமா?" என்று கேட்டார்.

"எங்க கொட்டுவீங்க? ஆடு மாடு வாய வைக்கும். எரிச்சிடுங்க. நான் பாக்கணும்."

ஞாயிறு காலை ஏரிக்கு வந்து கருவேல மரத்தடியில் உட்கார்ந்தாள். எண்ணெயைக் குறைத்தால் மெத்தனால் இன்னும் வேகமாகத் தீரும்; என்ஜினை நினைத்து அவருக்கு மனம் வரவில்லை. சீக்கிரம் தீரட்டும் என்று எரிபொருள் போகும் ஊசி வால்வை மட்டும் தாராளமாகத் திறந்துவிட்டார். விமானம் வெள்ளைப் புகை கக்கிக்கொண்டு சுற்றியது. இறங்கும், ஊற்றுவார், மறுபடி ஏறும்.

கடைசி ஊற்று ஆகாயத்திலேயே தீர்ந்தது. சத்தம் சட்டென்று நின்றதும் காசியம்மாள் எழுந்துவிட்டாள்.

"வுழுந்துடுமா சார்?"

"வுழாது. காத்துலயே எறங்கிடும்."

அது தரையைத் தொடும்வரை பார்த்திருந்தாள். பிறகு டப்பாவை வாங்கிக் கவிழ்த்துப் பார்த்தாள். ஒரு சொட்டும் இல்லை.

"சரி," என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் ரோட்டுப் பக்கம் நடந்தாள். தங்கதுரை தனியாகப் போய் விமானத்தை எடுத்துவந்தார்.

அன்று மாலை எழில்மதி போன் செய்தபோது மெத்தனால் தீர்ந்துபோனதைச் சொன்னார். "பேட்டரி மோட்டாரு வாங்கிக்குங்கப்பா. சத்தமே இருக்காது."

"சத்தம் இல்லாம நான் இன்னாத்தம்மா கேட்டுக்கினு இருப்பேன்," என்றார்.